‘ஏதோ ஒரு தாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: என் கணவர் நியூ ஜெர்சியில் அமெரிக்க அஞ்சல் துறையின் தபால் பிரிப்பு மையத்தில் 21 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். இந்த 2026 ஏப்ரலில் அவருக்கு 65 வயது நிறைகிறது. ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். எனக்கு 60 வயது. நான் வேலைக்குப் போனதில்லை. அஞ்சல் ஊழியர்களுக்கென்று 2025-இல் வந்த புதிய மருத்துவக் காப்பீட்டில், ஓய்வுக்குப் பின், 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி-யும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரோ தனக்கு அது தேவையே இல்லை என்கிறார். மாதம் 200 டாலருக்கு மேல் எதற்கு வீணாகக் கட்ட வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. மேலும், ஆண்டில் ஆறு மாதம் பாளையங்கோட்டையில் இருக்கப் போகிறோம். ஓய்வு விண்ணப்ப வேலைகளை எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். போன மாதம் வங்கிக்கு அழைத்துப் போய், நோட்டரி முன்னால் ஏதோ ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பென்ஷன் கொஞ்சம் கூடுதலாக வருமாம், மகனின் வீட்டுக் கடனுக்கு உதவியாக இருக்கும் என்றார். பார்ட் பி எடுக்கலாமா, வேண்டாமா?

— வாசகி, எடிசன்

பதில்: பார்ட் பி-க்குப் பிறகு வருகிறேன், அம்மா. அதற்கு விதி தெளிவாக இருக்கிறது, பத்து வரியில் சொல்லிவிடலாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நோட்டரி சங்கதிதான் உங்கள் மருத்துவக் காப்பீட்டையே தீர்மானிக்கப் போகிறது. அதைப் பற்றி ஒரு கேள்விகூட நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

நீங்கள் கையெழுத்திட்ட தாள் எதுவாக இருக்கும் என்று சொல்கிறேன். டி.எஸ்.பி. என்னும் அரசு ஊழியர் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கவும் சில வேளைகளில் மனைவியின் ஒப்புதல் கேட்பார்கள். ஆனால் ‘பென்ஷன் கூடுதலாக வரும்’ என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருப்பதால், அது பெரும்பாலும் எஸ்.எஃப். 3107-2 என்ற படிவமாகத்தான் இருக்க வேண்டும். கணவர் ஓய்வு பெறும்போது, அவருக்குப் பின் மனைவிக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்தைக் குறைக்கவோ அடியோடு விட்டுவிடவோ விரும்பினால், மனைவி அதற்குச் சம்மதிக்கிறாள் என்று நோட்டரி முன்னிலையில் எழுதிக் கொடுக்கும் தாள் அது. மனைவி கையெழுத்திடாமல் அவரால் அப்படிச் செய்ய முடியாது என்று சட்டம் ஒரு கதவு வைத்திருக்கிறது. அந்தக் கதவை நீங்கள் தாளைப் படிக்காமலே திறந்து விட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரில் அரசு வேலையில் இருந்த அப்பா காலமானால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தானாக வரும். அதற்காக அப்பாவின் பென்ஷனில் யாரும் பிடித்தம் செய்வதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசுப் பணியில் ஃபெர்ஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் இருப்பவர் தம் மனைவிக்கு முழு அளவில் குடும்ப ஓய்வூதியம் வைக்க வேண்டுமானால், தம் பென்ஷனில் 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி வரும். 5 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் கால்பங்கு வரும். உதாரணமாக உங்கள் கணவரின் பென்ஷன் மாதம் 1,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம்: 140 டாலர் குறைத்து வாங்கினால் பின்னாளில் உங்களுக்கு 700, 70 டாலர் குறைத்து வாங்கினால் 350, எதையும் குறைக்காமல் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

பணத்தோடு முடிந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றவர் இறந்த பின் அவருடைய மனைவி அஞ்சல் துறைக் காப்பீட்டில் தொடர்வதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவர் இறக்கும் நாளில் மனைவியின் பெயர் அந்தக் காப்பீட்டில் இருக்க வேண்டும்; மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமையும் இருக்க வேண்டும். அந்தத் தொகை 350 டாலராக இருந்தாலும் போதும். பிரீமியத்துக்குப் பற்றாவிட்டால் மிச்சத்தைக் கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம். அந்த உரிமையே இல்லையென்றால் 31 நாள் நீட்டிப்பு ஒன்று கிடைக்கும், அதோடு காப்பீடு முடிந்துவிடும். உங்களுக்கு 60 வயது. மெடிகேர் 65-இல்தான். இடையில் அவருக்கு ஒன்று நேர்ந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நீங்கள் வெளிச் சந்தையில் காப்பீடு தேடிக்கொண்டு நிற்பீர்கள். அவர் ஆயுள் காப்பீடு இருக்கிறது என்பார். அரசு வழங்கும் அடிப்படை ஆயுள் காப்பீட்டில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டின்படி, ஓய்வு பெற்றவருக்கு 65 வயதுக்குப் பின் தொகை மாதம் 2 சதவீதமாகத் தேய்ந்து கால்பங்கில் வந்து நிற்கும். அந்தப் பணம் முழுதாகவே வந்தாலும் அஞ்சல் துறைக் காப்பீட்டுக்குள் உங்களைத் திரும்பச் சேர்க்காது.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மனைவியின் பங்கை எடுத்து மகனின் கடனுக்குக் கொடுக்கும்போது அதை மனைவியிடம் சொல்ல வேண்டாமா? உங்கள் மகன் வேலையில் இருக்கிறான், கடன் வாங்கும் தகுதி உள்ளவன். சின்ன வீடாகப் பார்த்து வாங்கட்டும். பெற்றோர் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், கல்யாணம் செய்து வைக்கலாம், ஆபத்தில் கைகொடுக்கலாம். மாதா மாதம் 140 டாலருக்காகத் தாயின் மருத்துவக் காப்பீட்டை விற்பது இவற்றில் எதிலும் சேராது. இதை அவனிடம் விளக்கிச் சொன்னால் அவனே வேண்டாம் என்பான் என்று நம்புகிறேன். அப்படிச் சொல்லாவிட்டால் அது வேறொரு கடிதத்துக்கான விஷயம்.

உங்களையும் சும்மா விடுவதற்கில்லை. ‘எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார்’ என்று பெருமையாக எழுதும் பெண்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. அவர்களில் பாதிப்பேர் எழுதும்போது அந்த ‘அவர்’ உயிரோடு இல்லை. கணவரை நம்புவது நல்லதுதான். நோட்டரி உங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாரே, அது உங்கள் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருப்பதால்தான். அந்த மதிப்பை நீங்களும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

இன்னும் காலம் இருக்கிறது. இன்றைக்கே அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள். கால்பங்கு என்றிருந்தால் காப்பீடு பிழைத்தது, தொகையைப் பற்றி மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றிருந்தால், அவர் அஞ்சல் துறையின் மனிதவள மையத்தைத் தொடர்புகொண்டு விண்ணப்பத்தைத் திருத்தித் தரட்டும். ஓய்வு பெற்ற பிறகும், முதலாவது முறையான மாத ஓய்வூதியம் வந்த நாளிலிருந்து 30 நாள் வரை முடிவை மாற்றலாம். அதன் பின்னும், ஓய்வூதியம் தொடங்கிய நாளிலிருந்து 18 மாதம் ஆகும்வரை வழி உண்டு என்றாலும், அதற்கு ஒரு தொகையைத் தனியே கட்ட வேண்டியிருக்கும். மாற்றிய பின், வருடந்தோறும் நவம்பர், டிசம்பரில் வரும் திட்டத் தேர்வுக் காலத்தில் யாராவது சிக்கனம் சொன்னார்கள் என்று தன் ஒருவருக்கு மட்டுமான காப்பீட்டுக்கு அவர் மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பார்ட் பி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வருங்கால ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவுக்காக அஞ்சல் துறை முன்கூட்டியே பெருந்தொகையை ஒதுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, அந்தத் துறையைக் கடனில் தள்ளியது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான அஞ்சல் சீர்திருத்தச் சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. அதற்கு ஈடாக, ஓய்வு பெற்றவர்களின் செலவில் முதல் பங்கை மெடிகேர் ஏற்கும்படி செய்தது. அதனால்தான் அஞ்சல்காரர்களுக்கென்று தனிக் காப்பீட்டுத் திட்டம் 2025 ஜனவரி 1 அன்று தொடங்கியது. பார்ட் பி கட்டாயமும் அதோடு சேர்ந்து வந்தது. அந்தத் தேதிக்குள் ஓய்வு பெற்றுவிட்டு அப்போது பார்ட் பி இல்லாமல் இருந்தவர்களுக்கும், அன்றைக்கு 64 வயது நிறைந்து வேலையில் இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. நண்பர் இவற்றில் ஒன்றில் வருவார். உங்கள் கணவருக்கு அன்று 63 வயதுதான். சில மாத வித்தியாசத்தில் விலக்குக்கு வெளியே நிற்கிறார். நண்பரின் விலக்கை இவர் இரவல் வாங்க முடியாது.

ஆகவே எடுத்தே ஆக வேண்டும்; எடுக்காவிட்டால் அஞ்சல் துறைக் காப்பீடு போய்விடும். இந்த ஆண்டு வழக்கமான பிரீமியம் மாதம் 202 டாலர் 90 சென்ட். வேலையில் இருக்கும்வரை அவசியம் இல்லை என்பதால், ஜூன் மாதத்தில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்துகொண்டால் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும், இடைவெளி விழாது. உங்களுக்கு 65 ஆகும்போது, அவருடைய பணிக் கணக்கின் பேரில், மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ இலவசமாகவே கிடைக்கும். அப்போது நீங்களும் பார்ட் பி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உங்கள் பெயர் நீங்கும். இப்போதே அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். பணம் முழுவதும் வீண் என்பதும் சரியில்லை: மெடிகேர் வைத்திருப்பவர்களுக்கு அஞ்சல் துறைக் காப்பீட்டில் உள்ள பல திட்டங்கள் மருத்துவமனைக் கட்டணத்தில் நம் பங்கைத் தள்ளுபடி செய்கின்றன, சில திட்டங்கள் பார்ட் பி பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் தருகின்றன.

மருந்துக்கான பார்ட் டி-யில் அவரைத் தானாகவே சேர்த்துவிட்டுக் கடிதம் அனுப்புவார்கள். 65 வயதைத் தொட்டவர் வீட்டுக்கு மெடிகேர் விளம்பரங்கள் கட்டுக்கட்டாக வரும். வாழ்நாளெல்லாம் ஊரார் தபாலைப் பிரித்தவர் தம் வீட்டுத் தபாலை விளம்பரம் என்று எறிந்துவிடக் கூடாது. அந்தச் சேர்க்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அஞ்சல் துறைக் காப்பீட்டின் மருந்துப் பலனும் சேர்ந்து போய்விடும்.

பாளையங்கோட்டை விஷயத்தில் ஒரு சபலம் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கும் பார்ட் பி-யிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஆவணச் சான்று வேண்டும், எடிசனில் வீட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஊருக்குப் போய் வருவது அதில் அடங்காது. மெடிகேர் இந்திய மருத்துவமனைக்குப் பணம் தராது என்பது உண்மை. நாடு முழுவதும் செல்லும் அஞ்சல் துறைத் திட்டங்களில் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருபவை உண்டு; பெரும்பாலும் நாம் முதலில் கட்டிவிட்டு ரசீதுகளை அனுப்பிப் பெற வேண்டியிருக்கும். வரும் நவம்பரில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, திட்டக் கையேட்டில் வெளிநாட்டுச் சிகிச்சை பற்றிய பக்கத்தை அவரோடு அமர்ந்து நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். புரியாத வரி வந்தால் புரியும்வரை அடுத்த வரிக்குப் போகவிடாதீர்கள்.