அப்டேட் எப்ப போடலாம்? கடலோரக் கடைகளும் படகுகளும் கேட்டவை

(பதில் சொல்பவர் ராமநாதபுரத்தில் கணினிப் பராமரிப்பு வேலை செய்பவர்.)

தங்கச்சிமடம், ஐஸ் கம்பெனி கணக்கர்: அண்ணே, மாசாமாசம் ஜிஎஸ்டி போடுற நேரத்துலதான் விண்டோஸ் அப்டேட் வந்து உட்காருது. என் ராசியா?

ராசி இல்ல தம்பி, காலண்டர். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் விடுறது மாசத்தோட ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. நமக்கு அது ராத்திரி; புதன் காலைல கடையத் திறந்தா நிக்கும். அந்தச் செவ்வாய் 8க்கும் 14க்கும் நடுவுலதான் விழும். விற்பனைக் கணக்கு காட்டுற உங்க ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11. மோதாம என்ன செய்யும்? 7ஆம் தேதியே செட்டிங்ஸ்ல ரெண்டு வாரம் நிறுத்தி வை. 11 முடிஞ்சு, 20ஆம் தேதி வரி கட்டுற 3பி படிவம் வர்றதுக்குள்ள ஒரு ஞாயிறு கட்டாயம் கிடைக்கும். அன்னைக்கு டேலி கணக்கு மென்பொருள் டேட்டாவைப் பென்டிரைவ்ல எடுத்து, வேற கணினில திறந்து பாத்துட்டு, அப்புறம் அப்டேட்டை ஓட விடு. திறந்து பாக்காத பேக்கப்பை நான் பேக்கப்னே எண்ணுறதில்ல.

தொண்டி, ஜெராக்ஸ் கடை: ஒரேயடியா அணைச்சுட்டா?

வேண்டாம். 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டுச்சே, அதுக்கான திருத்தம் மார்ச்லயே வந்தாச்சு. ஒரு வாரம் தள்ளலாம், ரெண்டு மாசம் கூடாது.

ராமேஸ்வரம், லாட்ஜ் ரிசப்ஷன்: சர்வர் மாத்த ஒரு ராத்திரி நிறுத்தணுமாம். எந்த நாள் நல்லது?

அமாவாசைப் பக்கமே போகாதீங்க அக்கா; ஆடி, தை அமாவாசையைச் சொல்லவே வேண்டாம். சர்வர் மாத்துற அன்னைக்கு ரூம் லிஸ்டை அச்செடுத்து, ரசீதுப் புத்தகத்தோட மேசையில வச்சுக்கோங்க. இன்னொன்னு, இதை யாரும் பேசிக்கிறதில்ல: "3 மணிக்குள்ள முடியலைன்னா பழைய சர்வருக்கே திரும்பிடணும்"னு வேலைக்கு வர்றவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. தீர்த்தமாட வர்ற கூட்டம் விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கும்.

மண்டபம், விசைப்படகு உரிமையாளர்: ஜிபிஎஸ் அப்டேட் கேக்குது. போடவா?

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கே மாமா, அதை விட்டா வேற நாள் ஏது? முதல்ல ஜிபிஎஸ்ல குறிச்சு வச்ச இடங்களை, அதான் பாயிண்டுகளை, மெமரி கார்டுல சேமிச்சு, முக்கியமானதை நோட்டுலயும் எழுதுங்க. சில கருவில அப்டேட் போட்டா அதெல்லாம் அழிஞ்சுரும். பேட்டரி முழுசா சார்ஜ் இருக்கட்டும். பாதியில கரண்ட் போனா கருவி எழுந்திரிக்காமலே போகலாம். முடிஞ்சதும் கரையிலயே பழைய பாயிண்டும் இலங்கை எல்லைக்கோடும் அதே இடத்துல இருக்கான்னு நோட்டை வச்சுச் சரிபாருங்க. கோடு தள்ளிக் காட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

கீழக்கரை, மருந்துக்கடை: எங்க விண்டோஸ் 10ல அப்டேட் தொல்லையே இல்ல இப்போ!

தொல்லை இல்லாததுதான் பாய் தொல்லை. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11ஐத் தாங்குற மெஷின்னா மாத்துங்க. அதுவரைக்கும் அந்தக் கணினில பேங்க் வேலை பாக்காதீங்க.