ரைபிள் ஸ்கோப்பில் மில்லா, எம்ஓஏவா?

ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், ரேஞ்சில் சுடப் பழக ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறேன், மில் நல்லதா எம்ஓஏ நல்லதா என்று கேட்டிருக்கிறார். நான் மில் பக்கம்தான்.

இரண்டுமே கோண அளவுதான், ஒன்று மற்றதைவிடத் துல்லியம் என்பதெல்லாம் இல்லை. எம்ஓஏ என்றால் ஒரு டிகிரியை 60ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு, 100 கஜத்தில் சுமார் 1.047 அங்குலம். மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மீட்டரில் 10 செ.மீ. நாம் மீட்டரில் பழகியவர்கள், ஸ்கோப்பின் திருகை ஒரு படி திருப்பும் 0.1 மில் கிளிக் ஒன்றுக்கு 100 மீட்டரில் குண்டு படும் இடம் 1 செ.மீ. நகரும் என்றால் மனக்கணக்கே போதும்.

மண்டபம் கரையில் நின்று மில் கோடு போட்ட பைனாகுலரில் பாருங்கள். 12 மீட்டர் விசைப்படகு பக்கவாட்டில் 4 மில் நீளம் தெரிகிறதா, 12ஐ ஆயிரத்தால் பெருக்கி 4ஆல் வகுத்தால் 3,000 மீட்டர், தூரம் கைக்கு வந்துவிட்டது!

கால் எம்ஓஏ கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ. சொச்சம்தான், தாள் இலக்கில் நுணுக்கமாகத் திருத்துபவருக்கு அது உதவும், சரி. அப்புறம் ஒன்று, உள்ளே தெரியும் கோடும் வெளியே திருகும் டரெட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். கோடு மில், திருகு எம்ஓஏ என்று கலந்து வாங்கினால் ஒவ்வொரு தடவையும் 3.438ஆல் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.