தொங்கும் ரூஃப் துணி: கேள்வி பதில்

கார் குஷன் வேலையில் எனக்கு இருபது வருடப் பழக்கம். ரூஃப் லைனிங், அதாவது கார் கூரையின் உள்பக்கத் துணி பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, என் காருக்குப் பதினொரு வயது. பின்சீட்டுக்கு மேலே துணி பந்தல் மாதிரி தொங்குகிறது. ஊசியில் பசையை ஏற்றி உள்ளே விட்டு அமுக்கினேன், ஒரு வாரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. வேறு நல்ல பசை சொல்லுங்கள். (திருச்சி)

பசையை மாற்றினாலும் நிற்காது தம்பி. நீங்கள் பார்க்கும் துணிக்குப் பின்னால் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம் இருக்கிறது. அதற்குப் பின்னால் கூரை வடிவத்தில் அழுத்திச் செய்த அட்டை. துணியும் ஃபோமும் சேர்ந்தேதான் அட்டையில் ஒட்டியிருக்கும். வெயிலும் காற்றின் ஈரமும் வருடக்கணக்காகப் பட்டுப்பட்டு அந்த ஃபோம் மக்கிப்போகிறது. துணியைக் கொஞ்சம் விலக்கி விரலால் தேய்த்துப் பாருங்கள், கடலை மாவு மாதிரி மஞ்சளாக உதிரும். நீங்கள் ஊசியில் விட்ட பசை நன்றாகத்தான் பிடித்திருக்கும், ஆனால் அது பிடித்தது அந்த மாவை. சுண்ணாம்பு உதிரும் சுவரில் போஸ்டர் ஒட்டின கதைதான்.

அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுத்தமாகச் சுரண்டி, ஃபோமோடு வரும் புதுத் துணியை ஒட்டுவது ஒன்றே வழி.

நானே வீட்டில் செய்ய ஆசை. செடான் கார். அட்டையை வெளியே எடுப்பதுதான் பயமாக இருக்கிறது. (சேலம்)

பயப்பட வேண்டாம், அவசரப்படாமல் இருந்தால் போதும். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, சீட் பெல்ட்டின் மேல் மூடி, பில்லர்களை (கூரையைத் தாங்கும் தூண்கள்) மூடியிருக்கும் பிளாஸ்டிக், கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங், இவ்வளவும் கழற்ற வேண்டும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். உள்விளக்கின் ஒயர் சில கார்களில் அட்டையின் முதுகிலேயே ஒட்டியிருக்கும், இழுத்துவிடாதீர்கள்.

முன்சீட் இரண்டின் தலையணையையும் எடுத்துவிட்டு, சீட்டை முழுக்கச் சாய்த்துவிடுங்கள். செடானில் முன்பக்க இடது கதவு வழியாக எடுப்பது சுலபம், அங்கே ஸ்டீயரிங் குறுக்கே வராது. ஹேட்ச்பேக் என்றால் பெரும்பாலும் டிக்கி வழியாகவே வரும். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். அட்டையை வளைத்து மடித்தால் நடுவில் ஒரு கோடு விழும், பிறகு எவ்வளவு நல்ல துணி போட்டாலும் அந்தக் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். தப்பித்தவறி உடைந்தால் முதுகுப் பக்கம் ஃபைபர் துணியும் ரெசினும் (காய்ந்ததும் கெட்டியாகும் பிசின்) போட்டுச் சேர்த்துவிடலாம்.

சுரண்டுவதற்கு இரும்பு பிரஷ் போடலாமா? ஒட்டும்போது சுருக்கம் விழாமல் இருக்க என்ன செய்வது? (ஈரோடு)

இரும்பு பிரஷ் அட்டையின் மேல்தோலையே பெயர்த்துவிடும். நைலான் பிரஷ் போதும். இந்தச் சுரண்டலில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள், நான் அதிக நேரம் கொடுப்பதும் இதற்குத்தான். மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் ஃபைபர் கண்ணாடி இருந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். சுரண்டி முடித்ததும் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, உள்ளங்கையை அட்டை மேல் ஓட்டிப் பாருங்கள். கையில் மஞ்சள் வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பசை, வெயில் தாங்கும் ரப்பர் பசையாக இருக்க வேண்டும். மர வேலைக்கான வெள்ளைப் பசை இங்கே ஆகாது. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், கூரைத் தகடு அதைவிடச் சுடும். எனவே டப்பாவில் 70 டிகிரிக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

துணியை முதலில் பசை இல்லாமல் அட்டை மேல் விரித்து, நாலு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பாதித் துணியைப் பின்னால் மடித்துப் போட்டு, அட்டை, ஃபோம் இரண்டிலும் மெல்லிசாகப் பசை பூசுங்கள். உடனே ஒட்டக் கூடாது. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. அதுதான் பதம். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பசை ஃபோமைக் கடந்து துணியில் கறையாக எழும்பும்.

நடுவில் வைத்து, உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். இழுக்காதீர்கள். விளக்கு, வைசர் உட்காரும் பள்ளங்களில் துணியைத் தளர்வாக விட்டு, விரலால் முதலில் அடிவரை அழுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பள்ளத்தின் மேல் மேளத் தோல் மாதிரி இறுக்கி ஒட்டினால் முதல் வெயிலிலேயே எழும்பிக்கொள்ளும். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. ஓரத்தை அட்டையின் முதுகுக்கு மடித்து ஒட்டி, ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பசை காயும்போது காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். அப்புறம், இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பற்ற வைக்கக் கூடாது.

வீட்டில் நல்ல ஜன்னல் திரைத் துணி மிச்சம் இருக்கிறது. அதைப் போடலாமா? (காரைக்குடி)

ஃபோம் இல்லாத துணியில் பசைத் திட்டும் அட்டையின் மேடு பள்ளமும் அப்படியே தெரியும். வேண்டாம். ரூஃப் துணி என்றே கேட்டு வாங்குங்கள், ஃபோம் ஒட்டியே வரும்.

என் காரில் ஜன்னலை மறைத்து விரியும் பக்கவாட்டு ஏர்பேக் (கர்ட்டன் ஏர்பேக்) இருக்கிறது. ஏதாவது கவனம் தேவையா? (கோவை)

நிறைய தேவை. உங்கள் காரை நீங்களே கழற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஏர்பேக் கூரையின் ஓரத்தில், இந்த அட்டைக்குப் பின்னால்தான் மடிந்து கிடக்கிறது. விபத்தில் அட்டையின் ஓரத்தையும் பில்லர் பிளாஸ்டிக்கையும் தள்ளிக்கொண்டுதான் அது விரிய வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, பழகினவர்கள்தான் தொட வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்த ஓரத்தை ஸ்க்ரூ அடித்தோ கூடுதல் பசை போட்டோ இறுக்கக் கூடாது. உடைந்த கிளிப்புக்கு அதே கிளிப்தான். கடையில் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

துணி தொங்கும் இடத்தில் காப்பி நிறத்தில் கறையும் இருக்கிறது. (நாகர்கோவில்)

தண்ணீர் இறங்குகிறது. ஆன்டெனா அடியில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலிருந்து பில்லர் வழியாக இறங்கும் சிறு குழாய்கள் அடைத்திருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், துணி பிறகு.

அப்பாவின் அம்பாசிடர். ரெக்சின் கூரை தளர்ந்துவிட்டது. இதே முறைதானா? (மதுரை)

இல்லை. இதில் அட்டையே கிடையாது. ரெக்சினின் முதுகில் தைத்த குழல்களில் வளைந்த கம்பிகள் ஓடும், கூரை அவற்றில் தொங்கும். ஒவ்வொரு கம்பிக்கும் அளவும் வளைவும் வேறு. எடுக்கும்போதே முன்னிருந்து பின்னாக நம்பர் ஒட்டிவிடுங்கள். கிழியாமல் வெறுமனே தளர்ந்திருந்தால், ஓரத்தை மட்டும் பிரித்து, ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி, இழுத்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். கிழிந்திருந்தால் பழையதைத் தையல் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுசு வெட்ட வேண்டும். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. கம்பியைக் கூரையில் வைத்து ஒவ்வொரு குழலாக அளவெடுக்க ஒரு முழு நாள் போனது.

அடுத்த மாதம்தான் கடைக்குப் போக முடியும். அதுவரை? (தஞ்சாவூர்)

ரூஃப் துணிக்கென்றே திருகு ஊசிகள் கிடைக்கின்றன. குத்தித் திருகினால் அட்டையில் பிடித்துக்கொள்ளும். ஏர்பேக் உள்ள ஓரங்களில் மட்டும் குத்தாதீர்கள். உள்கண்ணாடியில் பின்வழி தெரியாத அளவுக்குத் தொங்கினால், ஊசி போடும்வரை காரை எடுக்க வேண்டாம்.