கதிர்வீச்சை அளக்கும் மேற்படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

கேட்டிருப்பவர் நாகர்கோவிலிலிருந்து வேலைக்காக டர்பன் வந்து குடியேறிய ஒரு தகப்பனார். மகள் இங்கே பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கிறாள், கதிர்வீச்சைக் கண்டறிந்து அளக்கும் துறையில் மேற்படிப்பு என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். உடம்புக்குக் கெடுதல் உண்டா, எங்கே படிப்பது, படித்து என்ன ஆவது என்று கேட்கிறார்.

ஐயா, நான் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வளர்ந்தவள். இதே படிப்பைப் படித்தவள். என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் கற்றது; புத்தக வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் வருவதுதான். சும்மா இருக்கும் மனிதருக்கே மண், வானம், மூச்சில் போகும் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு, உண்ணும் உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வருகிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதற்குள் கதிர்வீசும் தோரியமும் இருப்பதால் உங்கள் ஊர்க் கடற்கரையில் இன்னும் கூடுதல். மாணவர்கள் கையாளும் கதிர்வீச்சு மூலங்கள் மிகச் சிறியவை. உடம்பில் பட்ட கதிர்வீச்சைச் சட்டையில் குத்திக்கொள்ளும் அளவு வில்லை கணக்கு வைத்துக்கொள்ளும். நான் உண்மையில் பயந்தது திரவ நைட்ரஜனுக்கு. தோலைச் சுடும், மூடிய அறையில் கொட்டினால் மூச்சு முட்டும்.

அந்த நைட்ரஜன்தான் என் மானத்தையும் வாங்கியது. கதிர்வீச்சை உணரும் கருவியான நல்ல ஜெர்மானியம் படிக டிடெக்டர் குளிரில்தான் வேலை செய்யும். கீழேயுள்ள கொள்கலனில் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனை முறை வைத்து நிரப்ப வேண்டும். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் தீமிதிக்கு வராவிட்டால் என் பாட்டி பேசமாட்டார் என்று பஸ் ஏறிவிட்டேன். அந்த வாரம் நிரப்பும் முறை என்னுடையது. திரும்பியபோது டிடெக்டர் பாதி சூடேறியிருந்தது. உயர் மின்னழுத்தம் தானாக அணைந்ததால் படிகம் பிழைத்தது. ஆனால் பாதிச் சூட்டில் மறுபடி குளிரவைக்கக் கூடாது. முழுக்கச் சூடேறவிட்டு, பிறகு குளிரவைத்து, அளவுத்திருத்தத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். தங்கச் சுரங்கக் கழிவு மண்ணை டப்பாக்களில் அடைத்து, உள்ளே ரேடான் சமநிலைக்கு வர நான்கு வாரம் காத்திருந்தேன். அவை மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தன. என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. அதுதான் வலித்தது.

உங்கள் மகளுக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்குமா என்பதுதான் கேள்வி. டிடெக்டர் பதியும் துடிப்புகளில் 100 எண்ணினால் 10 அளவுக்குத் தடுமாற்றம், அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் 1 சதவீதம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் எண்ண வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. மாதிரியே வைக்காமல் சுற்றுப்புறத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சை மட்டும் இரவு பகலாக எண்ணிய நாட்கள் எனக்கு உண்டு. வரைபடத்தில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு உச்சி அசையாமல் நின்றது. மண் மாதிரியில் தெரிந்த அதே உச்சியில் மண்ணுடையது எவ்வளவு என்று ஆராய்ந்தால், பாதிக்கு மேல் சுவர்க் கான்கிரீட்டில் இயற்கையாகவே கதிர்வீசும் பொட்டாசியம்!

இப்படிப் பொறுமையாகக் கவனிப்பது வீண்போகாது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஆலன் கார்மக் 1957இல் அலுமினியமும் மரமும் சேர்ந்த ஒரு வட்டுக்குள் கோபால்ட் காமா கதிரைச் செலுத்தி அளந்தார். நடுவில் மதிப்பு கொஞ்சம் இடித்தது. விசாரித்தால், பட்டறையில் நடு அச்சை வேறு அலுமினியத்தில் செய்து செருகியிருந்தார்கள். அந்தச் சின்ன இடிப்பை அவர் தள்ளிவிடவில்லை. சி.டி. ஸ்கேனுக்கு அடித்தளமிட்டதற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எங்கே என்றால்: இங்கே பி.எஸ்சி. முடித்ததும் நேரே முதுநிலை கிடையாது. முதலில் ஓராண்டு ஆனர்ஸ், பிறகுதான் வழக்கமாக இரண்டாண்டு முதுநிலை. கேப் டவுன் அருகே ஐதெம்பா ஆய்வகத்தில் புரோட்டான்களை 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கும் சைக்ளோட்ரான் இருக்கிறது. அதோடு இணைந்து வெஸ்டர்ன் கேப், சுலுலாந்து பல்கலைக்கழகங்கள் அணுக்கரு அறிவியலில் முதுநிலைப் படிப்பை உருவாக்கின. சுலுலாந்து உங்களுக்குப் பக்கம். ஆனால் கருவி இருக்கும் இடத்தில் படிப்பதே நல்லது என்பேன். கேப் டவுன் குளிருக்குக் கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

வேலை என்றால் கூபர்க் அணுமின் நிலையம், 1965 முதல் இயங்கும் பெலிண்டாபா ஆய்வு உலை, மருத்துவமனைகள், சுரங்கங்கள். யுரேனியமும் கலந்த தங்கத் தாதுவைத் தோண்டிய நாடு இது. கழிவு மேடுகளை அளக்க ஆள் வேண்டும்.

முடிவு செய்யுமுன் அவளைத் துறையிலிருந்து கதிர்வீச்சுத் துடிப்புகளை எண்ணும் ஒரு கைகர் எண்ணியை வாங்கி, மூலம் எதுவும் வைக்காமல், ஒரு மாலை முழுக்க நிமிடத்துக்கு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் 18, அடுத்தது 25 என்று வரும். கருவி கெட்டுவிட்டது என்று மூடி வைத்தால் யோசியுங்கள். எழுதிய தாளோடு இரவுச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தால் அனுப்பிவிடுங்கள்.