சட்டத்தரணியின் கடிதத்தைப் பிரதேச சபை காட்ட மறுத்தால்

கேள்வி: எங்கள் ஊரில் வாவிக்கரைக்குப் போகும் ஒழுங்கையை மறித்து ஒருவர் மதில் கட்டிவிட்டார். பிரதேச சபையில் முறையிட்டால், "அதில் கை வைக்க வேண்டாம் என்று எங்கட சட்டத்தரணி எழுதித் தந்திருக்கிறார்" என்கிறார்கள். கடிதத்தைக் கேட்டேன். இரகசியமாம். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளையும் கட்டுப்படுத்தும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

சபை பிடித்துக்கொள்ளப்போவது 5ஆம் பிரிவை. பொது நிறுவனத்துக்கும் அதற்குச் சேவை செய்யும், சட்டத்தரணி போன்ற தொழில்வாண்மையாளருக்கும் இடையிலான தொடர்பாடலை அது விலக்குகிறது. ஆனால், வேறொரு எழுத்துச் சட்டம் வெளியிட அனுமதிக்காத தொடர்பாடலுக்குத்தான் அந்த விலக்கு. சபை காட்டக்கூடிய சட்டம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு: கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமில்லாமல் சட்டத்தரணி ஆலோசனையை வெளியிடக்கூடாது. இங்கே கட்சிக்காரர் யார்? சபைதான். சபை விரும்பினால் நாளைக்கே தரலாம். சம்மதிக்காவிட்டாலும், வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் மறுக்க முடியாது என்கிறது அதே 5ஆம் பிரிவின் 4ஆம் உபபிரிவு. பொதுப் பாதையொன்று அடைபட்டுக் கிடக்கும்போது இந்த வாதத்துக்கு நல்ல பலமுண்டு என்பது என் அபிப்பிராயம். இதே மதில் பற்றி ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அந்தப் பலம் குறையும்.

ஆனால் கடிதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நம் ஆட்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒழுங்கையின் கதை சபையின் கோவையில் இருக்கிறது, சட்டத்தரணிக்கு அனுப்பியதால் மட்டும் அந்த ஆவணங்கள் இரகசியமாகிவிடாது. விண்ணப்பத்தில் இப்படி எழுதுங்கள்:

"மேற்படி ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ள பக்கம், மதிலுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கள அறிக்கை, இதுபற்றிய சபைக் கூட்ட அறிக்கை, சட்ட ஆலோசனை பெற்ற திகதி, அதற்குச் செலுத்திய தொகை, ஆலோசனைக் கடிதத்தின் பிரதி. ஏதேனும் பகுதி விலக்கப்பட்டதாயின் அதை நீக்கி மிகுதியைத் தரவும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். 6ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. கட்டணத் தொகையோ பொதுப் பணம், அதை மறைக்க நியாயமே இல்லை.

தமிழிலேயே எழுதி, தகவல் அலுவலரிடம் கொடுத்து, திகதியோடு ஒப்புகை வாங்குங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வரவேண்டும். கவுண்டரில் "தரமுடியாது" என்று சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். மறுப்பதானால் எந்தப் பிரிவின் கீழ் என்று காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும். அப்படி வந்தால் 14 நாட்களுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகையையும் மறுப்புக் கடிதத்தையும் பிரதி எடுத்து அதோடு இணையுங்கள்.