கேட்காத சொல்லுக்கு இடம் விடுங்கள்

வைத்தியரின் குரல்பதிவைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் வேலை பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். இரவிரவாக அமெரிக்க வைத்தியர்களுக்கு வேலை செய்பவர்களும், கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளில் விசேட வைத்திய நிபுணர்களுக்குத் தட்டச்சு செய்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டிருப்பது, காதில் சரியாக விழாத சொல்லை என்ன செய்வது என்பதைத்தான்.

கேள்வி: ஒரு சொல்லைப் பதினைந்து, இருபது தடவை ஓட விட்டும் பிடிபடுவதில்லை. ஒரே கோப்பில் அரை மணி நேரம் போய்விடுகிறது. எத்தனை தடவைதான் கேட்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூன்று தடவை போதும். அதற்கு மேல் கேட்டால் காது தான் முதலில் ஊகித்த சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்கும். இல்லாத எழுத்தும் இருப்பதுபோலத் தோன்றும். நேரத்தைக் குறித்துக்கொண்டு, இடம் விட்டு, மேலே போங்கள். நோயின் வரலாற்றைச் சொல்லும்போது வாய்க்குள் முணுமுணுக்கும் வைத்தியர், கடைசியில் என்ன நோய் என்ற முடிவையும் சிகிச்சைத் திட்டத்தையும் சொல்லும்போது அதே சொல்லை நிதானமாகச் சொல்வது வழமை. விட்ட இடங்களில் பல அங்கேயே நிரம்பிவிடும்.

நிரம்பாததற்குத் திரும்பி வாருங்கள். அந்தச் சொல்லை மட்டும் வெட்டிக் கேட்காமல், பத்து செக்கன் முன்னிருந்து வாக்கியமாகக் கேளுங்கள். வேகத்தை 75 அல்லது 80 சதவீதத்துக்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் மெய்யொலிகள் இழுபட்டுக் குழம்பும். வைத்தியர் இயல்பாகவே இழுத்துக் கதைப்பவர் என்றால் 110க்கு ஏற்றிப் பாருங்கள். சிதறிக் கிடந்த அசைகள் ஒன்றுசேர்ந்து சொல்லாகும். எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம் என்பதைக் குறித்துவிட்டு, அதே ராகத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, அது எந்த இனத்துச் சொல் என்று பார்ப்பது. பின்னால் மில்லிகிராம் வந்தால் மருந்து. முன்னால் ‘3-0’ வந்தால் தையல் நூல். விக்ரில், மொனோக்ரில், புரோலீன் என்று ஒரு சிறு பட்டியலுக்குள் தேடல் சுருங்கிவிடும். ‘கல்ச்சரில் வளர்ந்தது’ என்றால் கிருமி. இனம் தெரிந்தபின் அகராதிக்குப் போங்கள். அங்கே பலரும் இடறுவது முதல் எழுத்தில். நியூமோதொராக்ஸ், சோவாஸ் தசை, கண்ணிமை தொங்கும் டோசிஸ் மூன்றும் ஒலிக்காத பி (P) எழுத்தில் தொடங்குகின்றன. ஸைஃபொய்ட் எக்ஸில் தொடங்கும். யூதைரொய்ட் இ-யில் தொடங்கும். ‘என்’ பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் பி, கே, ஜி எழுத்துகளோடு சேர்ந்த ‘என்’ பக்கங்களையும் பார்க்காமல் விடாதீர்கள். சொல்லின் வால் மட்டும் தெளிவாகக் கேட்டால், முன்பகுதிக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தேட விடும் மின் அகராதி கைகொடுக்கும்.

கேள்வி: ஹைட்ரலஸீனா, ஹைட்ரொக்ஸிஸீனா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். அளவைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா?
– வாசகர், தெகிவளை

பதில்: இந்தச் சோடியில் அளவை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பதிவில் ‘ஹைட்ரா…ஸீன், 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மருந்துக்கும் 10, 25, 50 மில்லிகிராம் மாத்திரைகள் உண்டு. இரண்டையும் மூன்று வேளை கொடுப்பார்கள். ஆகவே எண் எதையும் பிரித்துக் காட்டாது. எதற்காகக் கொடுக்கிறார் என்பதுதான் பிரித்துக் காட்டும். ஹைட்ரலஸீன் இரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ரொக்ஸிஸீன் தோலில் வரும் கடிக்கும் (அரிப்புக்கும்), மனப் பதற்றத்துக்கும். அறிக்கையில் பிரஷர் 170க்கு 100 என்று இருந்து, தோல் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பழைய மருந்துப் பட்டியலிலும் ஹைட்ரலஸீன் இருக்கிறது என்றால் எழுதலாம். அதே நோயாளிக்குப் பிரஷரும் இருக்கிறது, உடம்பெல்லாம் கடியும் இருக்கிறது, பழைய பட்டியலும் இல்லை என்றால் இடம் விட வேண்டும். வேறு வழி கிடையாது.

நாம் சொல்லும் அளவுகோல் இதுதான்: ஒலி ஒரு சாட்சி, அதோடு ஒலியைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும். செலெப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. லமிக்டல் வலிப்புக்கு, லமிசில் பூஞ்சணத்துக்கு. இவற்றில் நோயின் பெயரே சாட்சியாகிவிடும். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மருந்து, லேசிக்ஸ் என்ற நீர்மாத்திரையோடு குழம்பியதால் 1990இல் பிரைலோசெக் என்று பெயரையே மாற்றினார்கள். ஆனால் சூழல் கைவிடும் இடங்களும் உண்டு. விழுங்க முடியாமை டிஸ்ஃபேஜியா. சொல் வராமலோ விளங்காமலோ தடுமாறுவது டிஸ்ஃபேஸியா. பாரிசவாதம் வந்தவருக்கு இரண்டும் வரலாம் என்பதால் ‘ஸ்ட்ரோக் நோயாளி’ என்பது மட்டும் போதாது. கெட்டியாக்கிய பானம், உணவுக்குழாய் என்று ஏதாவது பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தொலைபேசி வழியாகப் பதிவு செய்த டிக்டேஷனில் ‘எஸ்’, ‘எஃப்’ வித்தியாசமே தெரிவதில்லை. விலை கூடிய ஹெட்செட் வாங்கினால் சரிவருமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். பழைய தொலைபேசித் தொடர்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ ஒலிகளைப் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. பதிவில் ஏறாததை எந்த ஹெட்செட்டும் தராது. அப்படிப்பட்ட கோப்பில் அந்த இரண்டு எழுத்திலும் மாறி மாறித் தேடுவதைப் பழக்கமாக்குங்கள்.

வைத்தியர் கையில் பிடிக்கும் ரெக்கோடரில் பதிந்ததென்றால் கதை வேறு. ஒலியின் தாழ், உயர் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைத்தால் ஏசி இரைச்சல் அடங்கும். 2000 முதல் 4000 வரை சற்று உயர்த்தினால் மெய்யொலிகள் தெளியும். காதை மூடும் வயர் ஹெட்போன் பாவியுங்கள், காலி வீதிப் பக்கம் வீடு என்றால் கட்டாயம். புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கத் தொடங்கினால் ஒலியின் தரம் பல சமயம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். பதிவை ஓட விடவும் நிறுத்தவும் பாவிக்கும் கால் பெடலை விட்டு மீண்டும் மிதிக்கும்போது பதிவு தானாக ஒன்று, இரண்டு செக்கன் பின்னே போய்த் தொடங்கும்படி மென்பொருளில் அமைத்துக்கொள்ளுங்கள்.

குரல் கேட்டதும் தானாகப் பதியத் தொடங்கும் வசதியை வைத்தியர் போட்டு வைத்திருந்தால், வாக்கியத்தின் முதல் அசை வெட்டுப்படலாம். ‘நோ ஹிஸ்டரி ஒஃப் டயபிடிஸ்’ என்பதில் ‘நோ’ போய்விட்டால் இல்லாத சீனிவருத்தம் அறிக்கையில் ஏறிவிடும். வாக்கியங்கள் தொடர்ந்து தலையில்லாமல் வந்தால் அந்த வசதியை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எண்களில் எங்கே அதிகம் பிழை வருகிறது?
– வாசகி, மட்டக்குளி

பதில்: ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. பின்னதில் அழுத்தம் முன்னே, முன்னதில் பின்னே என்பார்கள். ஆனால் பின்னால் ‘மில்லிகிராம்’ ஒட்டிக்கொண்டால் ஃபிஃப்டீனிலும் அழுத்தம் முன்னே வந்துவிடும். ஆகவே மாத்திரையைப் பாருங்கள். சேர்ட்ரலின் மாத்திரை 25, 50, 100; மிர்டஸபீன் 15, 30, 45. லெவோதைரொக்ஸின் மைக்ரோகிராமில் வருவது. வைத்தியர் ‘50 மில்லிகிராம்’ என்று வாய்தவறிச் சொன்னால் அது ஆயிரம் மடங்கு. அதை நீங்களாகத் திருத்தாமல், சொன்னதைக் காட்டிக் கேள்விக்குறி வையுங்கள். வலது முழங்கால் என்று தொடங்கி இடதில் முடித்தாலும் அப்படித்தான்.

எழுதும் விதத்துக்கு, வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜொயின்ற் கமிஷன் 2004இல் கொண்டுவந்த ‘பாவிக்கக் கூடாத சுருக்கங்கள்’ பட்டியலை மேசையில் ஒட்டி வையுங்கள். மருந்தளவில் 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கும்போது 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். இன்சுலினுக்கு ‘யுனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். ‘யு’ எழுத்தை பூச்சியமாக வாசித்தால் பத்து நூறாகிவிடும்.

எண்ணல்லாத ஒரு பொறியையும் சேர்த்துச் சொல்கிறோம்: ‘எஃபெப்ரைல்’ காய்ச்சல் இல்லை என்பது, ‘எ ஃபெப்ரைல்…’ என்று பிரிந்தால் காய்ச்சல் உண்டு என்பது. உடல்வெப்பம் 98.4 என்றால் முன்னது. ‘எடிப்பிக்கல் செஸ்ட் பெய்ன்’ (வழமையல்லாத நெஞ்சுவலி; ‘எ டிப்பிக்கல்’ என்று பிரிந்தால் வழமையான நெஞ்சுவலி) விடயத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ஈசிஜி முடிவும் வைத்தியரின் திட்டமும் என்ன சொல்கின்றன என்று பார்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: சந்தேகச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கிறேன். சரிதானே?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வேண்டாம். ‘பல்பார்’ என்று எழுதிவிட்டால் அது P-யா, B-யா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. ‘ப’ ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. க, ட, த எழுத்துகளும் அப்படியே. ஆங்கில எழுத்தில், கேட்டபடி, பிழையென்றாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள்.

கேள்வி: தனியார் வைத்தியசாலை ஒன்றில் விசேட வைத்திய நிபுணருக்குத் தட்டச்சு செய்கிறேன். இடம் விட்டுக் கொடுத்தால் “இதுகூட விளங்கவில்லையா?” என்று ஏசுகிறார். அதனால் ஊகித்து எழுதிவிடுகிறேன். அவர் வாசித்துத்தானே கையொப்பம் வைக்கிறார்?
– பெயர் வேண்டாம், கொழும்பு

பதில்: நாற்பது கிளினிக் கடிதங்களுக்கு நடுவில் கையொப்பம் வைப்பவரின் கண், பொருத்தமாகத் தெரியும் பிழைச் சொல்லைத் தாண்டிப் போய்விடும். வெற்றிடத்தைத் தாண்டாது. அதனால்தான் நல்ல ஊகம் மோசமான ஊகத்தைவிட ஆபத்து. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

ஏச்சுக்கு வழி உண்டு. சொல்லுக்குச் சொல் போய் நிற்காமல், நாளின் முடிவில் ஒரே தாளில் எல்லாவற்றையும் கொடுங்கள்: கோப்பு இலக்கம், நிமிடம்-செக்கன், முன்னும் பின்னும் உள்ள நான்கைந்து சொற்கள், கேட்ட ஒலி. கேட்கும் முறையும் முக்கியம். “இது ஹைட்ரலஸீனா, டொக்டர்?” என்று கேட்டால் அவசரத்தில் “ஓம், ஓம்” என்பார். “2 நிமிடம் 47 செக்கனில், 25 மில்லிகிராம் மூன்று வேளை என்று சொன்ன மருந்து எது, டொக்டர்?” என்று கேட்டால் அவரே பெயரைச் சொல்வார். கிடைத்த விடையை அந்த வைத்தியரின் பெயரில் வைத்திருக்கும் கொப்பியில் ஏற்றுங்கள். ஒருவர் பாவிக்கும் மருந்துகளும் வாக்கியங்களும் திரும்பத் திரும்ப வருபவைதான். இரண்டு மாதத்தில் தாள் அரைப்பக்கமாகச் சுருங்கும்.

கேள்வி: விளங்காத பகுதியை கூகுளிலோ ஏஐ செயலியிலோ போட்டுக் கேட்கலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: சொல்லை மட்டும் தேடலாம். குரல்பதிவையோ நோயாளியின் பெயர், பிறந்த திகதி, கோப்பு இலக்கம் உள்ள பந்தியையோ பொதுச் செயலியில் ஏற்றக் கூடாது. அமெரிக்க வேலைக்கு நோயாளியின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் இருக்கிறது. நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவுகளை விசேட வகையில் வைத்திருக்கிறது.

தேடும்போது கவனிக்க ஒன்று உண்டு. பிழையாக எழுதிய மருந்துப் பெயருக்கும் கூகுளில் பக்கங்கள் வரும். வந்துவிட்டது என்பதற்காக அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மருந்துக்கு அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் தளத்தில் பெயர், அளவு, எந்த நோய்க்கு என்ற மூன்றையும் சரிபாருங்கள். இங்கே படித்தவர்களுக்கு மேலதிகமாக ஒன்று: நமது பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோஃபென், சல்பியூட்டமோல் அல்பியூட்டரோல், அட்ரினலின் எப்பிநெஃப்ரின், கிளிபென்கிளமைட் கிளைபியூரைட். தெரிந்த மருந்தின் தெரியாத பெயரைத்தான் பல நேரம் ‘விளங்காத சொல்’ என்று இடம் விட்டிருப்பீர்கள். எழுதும்போது மட்டும் வைத்தியர் சொன்ன பெயரையே எழுதுங்கள், நமது பெயருக்கு மாற்ற வேண்டாம்.