பீரங்கியைக் காதால் தேடியவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சென்ற வாரம் பிளஸ் டூ மாணவர்களை வைத்து ஒரு பட்டிமன்றம் நடத்தினோம். 'அறிவியலை வளர்ப்பது போரா, அமைதியா?' என்பது தலைப்பு. போரே என்று பேசிய அணி முதல் உலகப்போரை எடுத்துக்கொண்டு டாங்கி, போர் விமானம், நச்சுவாயு என்று அடுக்கிவிட்டது. நடுவராக இருந்த நானும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. அந்தப் போர் நடக்காவிட்டால் இதெல்லாம் வந்திருக்காது என்பது உண்மைதானா?

அன்புடன்,
க., ஓசூர்

அன்புள்ள க.,

மாணவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் போரின் ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் 1914-க்கு முன்பே வேறு வேலைக்காக வந்த பொருள்தான். முள்கம்பி அமெரிக்காவில் மாடுகளைத் தடுக்க வந்தது. 1874-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சங்கிலிப் பட்டையில் ஊரும் டிராக்டர்கள் பண்ணைகளில் உழுதுகொண்டிருந்தன. டாங்கி என்ற யோசனைக்கு அவையும் வித்திட்டன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா செய்யும் முறையை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் செய்து காட்டினார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அதற்கு ஆலையே வந்துவிட்டது, உரம் தயாரிக்க. போர் தொடங்கியதும் அந்த அம்மோனியா வெடிமருந்துக்குப் போனது. ஹேபரும் போனார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கு முன்னால் நின்றவர் அவர்தான்.

போர் புதிய அறிவைத் தருவதில்லை, இருக்கிற அறிவை எடுத்துக்கொள்கிறது என்பதே என் எண்ணம். அது கொடுப்பது பணமும் அவசரமும். அந்த அவசரத்தால் சில வேலைகள் வியக்கத்தக்க வேகத்தில் முடிகின்றன, அதையும் மறுக்கக் கூடாது. நீங்கள் இயற்பியல் ஆசிரியர் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கி. ஆனால் பீரங்கி கண்ணுக்குத் தெரியாது. மேட்டுக்குப் பின்னால், பல கிலோமீட்டர் தள்ளி ஒளிந்திருக்கும். சத்தம் மட்டும் வரும். சத்தத்தை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பிரெஞ்சுக்காரர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் அந்த வேலையை லாரன்ஸ் பிராக்கிடம் கொடுத்தது. படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராயும் பிராக் சமன்பாட்டின் பிராக்தான். அந்த ஆண்டே 25 வயதில், தந்தையுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். செய்தி வந்தபோது பெல்ஜியத்தில் போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கியிருந்தார். பாதிரியார் ஒரு புட்டி ஒயினைக் கொண்டுவந்து கொண்டாடினாராம். பிராக்கின் தம்பி ராபர்ட் துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில் இறந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

முறை எளிமையானது. ஆறு மைக்குகளைப் போர்முனைக்குப் பின்னால் வரிசையாக வைக்க வேண்டும். பீரங்கிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தைத் தூரமாக மாற்றி வரைபடத்தில் கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் பீரங்கி இருக்கும். ஆனால் நொடியில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்க வேண்டும். அதற்குக் கிடைத்த கருவி என்ன தெரியுமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் இதயத்துடிப்பைப் பதிவுசெய்ய உருவாக்கிய கால்வனோமீட்டர், அதாவது மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி. இன்றைய இசிஜிக்கு மூத்த கருவி. பாரிஸில் லூசியன் புல் அதைப் பீரங்கிச் சத்தத்துக்குப் பயன்படுத்தும்படி அமைத்திருந்தார்.

சிக்கல் மைக்கில் இருந்தது. குண்டு ஒலியைவிட வேகமாக வருவதால் அது கிளப்பும் 'படார்' முதலில் வந்துவிடும். சாதாரண மைக் அதற்கே ஆடித் தீர்த்துவிடும்; பின்னால் மெதுவாக வரும் பீரங்கியின் தாழ்ந்த ஒலி அதில் சரியாகப் பதியாது. அந்தத் தாழ்ந்த ஒலி எவ்வளவு வலிமையானது என்று பிராக்குக்குப் புரிந்த இடம் கழிப்பறை. கதவை மூடினால் வெளிக்காற்றுக்கு இருக்கைக்குக் கீழே உள்ள குழாய் மட்டும்தான் வழி. சில நூறு கெஜம் தள்ளியிருந்த ஆறு அங்குல பீரங்கி சுட்டபோதெல்லாம் அவர் இருக்கையிலிருந்து லேசாகத் தூக்கப்பட்டார். காதுக்கு அவ்வளவாகக் கேட்காத அலை, ஆனால் ஆளையே தூக்குகிறது!

அப்புறம் 1916-ல் டக்கர் என்ற கார்ப்பரல் வந்து சேர்ந்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், சூடான கம்பியைக் காற்று எப்படிக் குளிரவைக்கிறது என்று ஆராய்ந்தவர். பீரங்கி சுடும்போது குடிசைச் சுவரின் ஓட்டை வழியாகத் தன் மேல் குளிர்காற்று வீசுவதைக் கவனித்திருந்தார். ஒரு வெடிமருந்துப் பெட்டியில் துளை போட்டு, துளையின் குறுக்கே மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கட்டி, மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினார்கள். தாழ்ந்த ஒலி வந்தால் துளை வழியே காற்று ஓடும், கம்பி குளிரும், மின்தடை குறையும், கால்வனோமீட்டர் ஆடும். குண்டின் 'படாரு'க்குக் கம்பி அசைந்துகொடுக்கவில்லை. நல்ல வானிலையில் எதிரியின் பீரங்கியைச் சில பத்து மீட்டர் பிழைக்குள் குறித்துவிட முடிந்தது. எதிர்க்காற்று அடித்தால் மட்டும் திண்டாட்டம். ஜெர்மானியர்கள் இதே வேலையை ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆட்களை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதன் பலன் 1917 நவம்பர் 20 அன்று பிரான்ஸின் காம்ப்ரேயில் நடந்த தாக்குதலில் தெரிந்தது. அதுவரை பெரிய தாக்குதலுக்கு முன் குறி சரிபார்க்கச் சுட்டுப் பார்ப்பார்கள், நாள்கணக்கில் குண்டு பொழிவார்கள். சோம் போருக்கு முன் ஒரு வாரம் அப்படிப் பொழிந்தார்கள். எதிரி விழித்துக்கொள்ள அது போதும். காம்ப்ரேயில் ஏறக்குறைய ஆயிரம் பீரங்கிகள் காலை வரை வாய்திறக்கவில்லை, பிறகு ஒரே நேரத்தில் வெடித்தன. எதிரி பீரங்கிகளின் இடம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. அன்று வந்த 476 டாங்கிகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காலையின் புதுமையில் பாதி, துளை போட்ட அந்தப் பெட்டிகளுடையது.

இந்தக் கருவியில் போர் கண்டுபிடித்தது எது? கால்வனோமீட்டர் மருத்துவத்துடையது, சூடான கம்பி கல்லூரி ஆய்வுக்கூடத்துடையது, கணக்கு பள்ளிக்கூடத்துடையது. இவற்றைச் சில மாதங்களில் ஒரே பெட்டிக்குள் சேர்த்ததுதான் போர் செய்தது.

உங்கள் மாணவர்கள் வரவை மட்டும் எழுதினார்கள். செலவுப் பக்கமும் இருக்கிறது. ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், பிராக்கைப் போலவே எக்ஸ் கதிரோடு வேலை செய்தவர். தனிமங்களின் அணு எண்ணுக்கு உண்மையான இயற்பியல் பொருள் உண்டு என்று 1913-லும் 1914-லும் நிறுவினார். பிளஸ் டூ மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் தனிம வரிசை அட்டவணை இன்றைய ஒழுங்குக்கு வந்தது அவரால். தானாக முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்பொலியில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். வயது 27. அறிவியலாளர்களைப் போர்முனைச் சிப்பாய்களாக மட்டுமே பயன்படுத்தத் தெரிந்த ராணுவ அமைப்பைத் தேசியத் துயரம் என்று கண்டித்து எழுதினார் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு. மோஸ்லி உயிரோடு இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியவற்றை எந்த அணியாலும் பட்டியல் போட முடியாது. அதனால்தான் பட்டிமன்றத்தில் போர் எளிதாக ஜெயித்துவிடுகிறது.

அடுத்த வாரம் முடிந்தால் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். மூன்று செல்போன்களை முக்கோணமாகத் தள்ளித்தள்ளி வைத்து ஒலிப்பதிவைப் போட்டுவிடுங்கள். மூன்றுக்கும் சம தூரத்தில் நின்று ஒருவர் பலமாக ஒரு கை தட்டட்டும். அது நேரத்தை ஒப்பிட. அடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாத இடத்திலிருந்து இன்னொருவர் தட்டட்டும். இரண்டு தட்டலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு போனிலும் வேறுபடும். பத்தில் ஒரு நொடி வித்தியாசம் என்றால் சுமார் 34 மீட்டர். வரைபடத் தாளில் கோடு போட்டுத் தட்டியவர் எங்கே நின்றார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர் பிழை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்